ஒரு கைப்பிடி மக்காச்சோளம், 200 மீட்டர் ஓட்டம்

(பொது மேடையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நண்பர்களே, வணக்கம்.

மேசைமேல் ஒரு கிண்ணம் இருக்கிறது. பின்வரிசைக்குத் தெரியாது, அதனால் சொல்லிவிடுகிறேன்: உள்ளே மக்காச்சோளம். ஒரு கைப்பிடி அள்ளினால் 50 கிராம். கிளம்பும் முன் எடை போட்டுப் பார்த்தேன். மணிகளை எண்ணவும் செய்தேன், முன்னே பின்னே 150 வந்தது. ஒரு நல்ல ஆலை ஒரு டன் மக்காச்சோளத்திலிருந்து சுமார் 400 லிட்டர் எத்தனால் எடுக்கிறது. அந்தக் கணக்கில் என் கையில் இருப்பது 20 மில்லி. இருமல் மருந்து பாட்டிலோடு வரும் சின்ன மூடியில் இரண்டு மூடி.

பெட்ரோலில் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் கார் சுத்த எத்தனாலில் 10 கிலோமீட்டர்தான் ஓடும். லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலின் சக்தி பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான். ஆக, இந்தக் கைப்பிடி 200 மீட்டர். இந்த அரங்கின் வாசலிலிருந்து தெருமுனை வரைக்கும் வரும், திரும்பி வர இன்னொரு கைப்பிடி வேண்டும்.

50 லிட்டர் தொட்டியை நிரப்ப 125 கிலோ தானியம். ஒரு ஆளின் அரை வருடச் சாப்பாட்டுக்குரிய சக்தி அதில் இருக்கிறது. உடனே ‘ஐயோ’ என்று சொல்லிவிடாதீர்கள். அந்த 125 கிலோவில் மூன்றில் ஒரு பங்கு, மாவுச்சத்து போன பிறகு மிஞ்சும் புரதமும் நாரும் கொழுப்பும், மாட்டுத் தீவனமாகத் திரும்பி வருகிறது. இதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய்க் கணக்கு காட்டியவன் ஆவேன். இந்த விஷயத்தில் பொய்க் கணக்கு காட்டுகிறவர்கள் இரண்டு பக்கத்திலும் ஏற்கெனவே போதுமான அளவுக்கு இருக்கிறார்கள்.

எனக்குக் கொடுத்த தலைப்பு: பயிரிலிருந்து எடுக்கும் எரிபொருள் புதுப்பிக்கத்தக்கதா, நீடிக்கத்தக்கதா? இரண்டும் ஒரே கேள்விபோலக் கேட்கும். முதல் கேள்விக்கு ஒரு நொடியில் பதில் சொல்லிவிடலாம்: ஆமாம், அறுத்தால் அடுத்த பருவத்தில் மறுபடி விளையும். நிலத்தடியில் இருக்கும் கச்சா எண்ணெய் அப்படி விளையாது. சரி, முடிந்ததா? இரண்டாவது கேள்விக்குத்தான் ஐம்பது வருடமாக அடிதடி. அந்த அடிதடியில் பாதி, கணக்குக்கு வரப்பை எங்கே போடுவது என்பதைப் பற்றியது. ஆலையின் மதில் வரைக்குமா? வயலின் வரப்பு வரைக்குமா? அல்லது, இந்த வயல் எரிபொருளுக்குப் போனதால் வேறொரு கண்டத்தில் வெட்டப்பட்ட காடு வரைக்குமா? வரப்பைத் தள்ளிப் போடப் போட விடை மாறிக்கொண்டே போகும். இன்றைக்கு நான் பேசப்போவது அது ஒன்றைத்தான்.

மதிலுக்கு உள்ளேயிருந்தே ஆரம்பிக்கிறேன். நான் ரசாயனம் படித்தவன், நொதிக்கலன் பக்கத்தில் நின்றால் எனக்குப் பசி மறந்துவிடும். மக்காச்சோளத்தை மாவாக அரைத்து, தண்ணீரில் கரைத்துச் சூடாக்கி, நொதிகளைச் சேர்ப்பார்கள். கஞ்சிபோல இருந்தது சில மணி நேரத்தில் சர்க்கரைத் தண்ணீராக நீர்த்துவிடும். ஆறவைத்து ஈஸ்ட் போட்டால், இரண்டு இரண்டரை நாள் கொதிக்கிற மாதிரி குமிழி விடும், ஆனால் கொதிப்பது இல்லை. அத்தனையும் கரியமில வாயு. சர்க்கரையின் எடையில் ஏறக்குறைய பாதி அப்படியே ஆகாயத்துக்குப் போய்விடுகிறது, மீதிப் பாதிதான் எத்தனால். முடிவில் கலனில் இருப்பது நூற்றுக்கு 14, 15 பங்கு எத்தனால் உள்ள கலங்கல் தண்ணீர். வாசனை நன்றாகத்தான் இருக்கும். அதை வண்டியில் ஊற்ற முடியாது.

அந்த 85 பங்குத் தண்ணீரைத் துரத்துவதில்தான் ஆலையின் காசும் எரிபொருளும் கரைகிறது. காய்ச்சி வடித்தால் சுமார் 95 சதவீதம் வரை ஏறும், அதற்குமேல் எவ்வளவு காய்ச்சினாலும் ஏறாது. அந்த இடத்தில் தண்ணீரும் எத்தனாலும் ஒன்றாகவே ஆவியாகும். மிச்சத் தண்ணீரைப் பிடித்துவைக்கத் தனியாக சல்லடைக் குருணைகள் வேண்டும். கீழே தங்கும் கழிவுச் சகதியைப் பிழிந்து உலர்த்தினால்தான் அது கெடாத தீவனம். இத்தனை வெப்பமும் எங்கிருந்து? அமெரிக்க ஆலைகளில் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்து. வயலுக்குப் போனால் டிராக்டருக்கு டீசல். ஹெக்டேருக்குச் சுமார் 150 கிலோ தழைச்சத்து, அதுவும் எரிவாயுவைக் கொண்டு காற்றிலிருந்து கட்டிப்பிடித்த நைட்ரஜன். ஒரு லிட்டர் பச்சை எரிபொருளுக்குப் பின்னால் கொஞ்சம் பழைய கரி, அதாவது கார்பன், ஒளிந்திருக்கிறது.

எவ்வளவு கொஞ்சம்? இதில்தான் முதல் சண்டை. 2005-இல் டேவிட் பிமென்டல், டாட் பட்செக் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள்: மக்காச்சோள எத்தனால் தரும் சக்தியைவிட அதைச் செய்யச் செலவாகும் புதைபடிவச் சக்தி 29 சதவீதம் அதிகம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்றார்கள் கிட்டத்தட்ட. 2006-இல் அலெக்ஸ் ஃபாரெலும் அவருடைய பெர்க்லி பல்கலைக்கழகச் சகாக்களும் ‘சயன்ஸ்’ இதழில் ஆறு கணக்குகளை எடுத்து ஒன்றாக அடுக்கிப் பார்த்தார்கள். நஷ்டம் என்று சொன்னவர்கள் தீவனத்துக்கு வரவு வைக்கவில்லை, பழைய தரவுகளைப் பயன்படுத்தினார்கள். அதைச் சரிசெய்தால் லாபம்தான். ஆனால் சின்ன லாபம்.

சின்ன லாபம் என்றால் என்ன என்பதை நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் மேடைகளில் இதைத் தாவிக்குதித்துப் போய்விடுகிறார்கள். ஒரு பங்கு போட்டு 1.3 பங்கு எடுக்கிறோம் என்று வையுங்கள். அந்தக் காலத்து மதிப்பீடுகள் இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் இருந்தன. அப்படியானால், உண்மையிலேயே புதிதாகக் கிடைத்த சக்தி ஒரு லிட்டர் அளவுக்கு வேண்டுமென்றால் நான்கு லிட்டருக்கு மேல் காய்ச்ச வேண்டும். மூன்று லிட்டருக்கு மேல் பழைய கடனை அடைக்கவே போய்விடும். நான்கு லிட்டருக்கு உரிய நிலம், நான்கு லிட்டருக்கு உரிய உரம், நான்கு லிட்டருக்கு உரிய தண்ணீர். கையில் நிற்பது ஒரு லிட்டர். ஆலைகளும் வயல்களும் அப்புறம் திறமை கூடின, இன்றைக்கு இரண்டு மடங்கு வரை சொல்கிறார்கள். இரண்டு மடங்கு என்றாலும் இரண்டு லிட்டர் காய்ச்சினால் ஒன்று மிச்சம்.

இப்போது கரும்பு. பிரேசில் 1973-இன் எண்ணெய் அதிர்ச்சிக்குப் பிறகு, 1975-இல் ப்ரோஆல்கூல் என்ற திட்டத்தைத் தொடங்கியது. அங்கே கணக்கு வேறு ஜாதி: ஒரு பங்கு புதைபடிவச் சக்தி போட்டால் 8 பங்கை ஒட்டி வருகிறது. ஏதாவது மந்திரமா? இல்லை, சக்கை. சாறு பிழிந்த பிறகு மிஞ்சும் கரும்புச் சக்கையை ஆலையே கொதிகலனில் போட்டு எரிக்கிறது; காய்ச்சுவதற்கு நீராவியும் ஆலையை ஓட்ட மின்சாரமும் அதிலிருந்தே. மிச்ச மின்சாரத்தை வெளியே விற்கிறார்கள். தவிர, கரும்பில் இருப்பது நேரடியாகச் சர்க்கரை, மாவைச் சர்க்கரையாக்கும் வேலை இல்லை. ஒருமுறை நட்டால் மறுதாம்பு விட்டுப் பல வருடம் அறுக்கலாம். ஆக, ‘எத்தனால் நல்லதா கெட்டதா’ என்று யாராவது கேட்டால் கேள்வியே தவறு. பாட்டிலுக்குள் இருக்கும் மூலக்கூறு ஒன்றுதான், பிறந்த வீடு வேறு. கரும்பு வீட்டிலும் குறை இருக்கிறது: ஒரு லிட்டர் எத்தனாலுக்கு 10 லிட்டருக்கு மேல் வினாஸ் என்ற பழுப்புக் கழிவுநீர் வரும். அளவோடு வயலில் விட்டால் சாம்பல் சத்து நிறைந்த உரம். ஆற்றில் விட்டால் மீன் மிஞ்சாது.

இடையில் ஒரு சின்னக் கணக்கு, காகிதம் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். அமெரிக்க மக்காச்சோள வட்டாரத்தில் ஒரு ஹெக்டேரில் நல்ல வருடத்தில் 11 டன் விளைகிறது. 4,400 லிட்டர் எத்தனால், சக்தியில் சுமார் 93 கிகாஜூல். அதே ஹெக்டேர்மேல் வருடம் முழுக்க விழும் வெயில் 50,000 கிகாஜூலுக்கு மேல். வெயிலில் ஆயிரத்தில் இரண்டு பங்குகூட தொட்டிக்கு வந்து சேரவில்லை. உழுவது, உரமிடுவது, காய்ச்சுவது ஆகியவற்றின் செலவை இன்னும் கழிக்கவே இல்லை. அதே ஹெக்டேரில் சூரியத் தகடுகளை, நடுவே தாராளமாக இடம் விட்டு நட்டால்கூட 30 மடங்குக்கு மேல் மின்சாரம் கிடைக்கும். மின்மோட்டார் அதை எஞ்சினைவிட மூன்று மடங்கு நன்றாகப் பயன்படுத்தும். செடியைக் குறை சொல்லவில்லை. செடி தனக்காக வாழ்கிறது, நமக்கு வண்டி ஓட்டுவதற்காக அல்ல. வேர் விட, பூக்க, பூச்சியோடு சண்டை போட அதற்குச் சக்தி வேண்டும். வருடத்தில் பாதி நாள் வயலில் பச்சையே கிடையாது.

இனி வரப்பைத் தள்ளிப் போடுவோம்.

பயிர் எரிபொருளுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் முதல் வாதம் எல்லோருக்கும் தெரியும். எரிக்கும்போது வரும் கரியமில வாயு, செடி வளரும்போது காற்றிலிருந்து எடுத்ததுதானே. போனது வந்தது, கணக்கு பூஜ்யம். கேட்க அழகாக இருக்கிறது. நானும் பல வருடம் இதை அப்படியே வகுப்பில் சொல்லிக்கொடுத்தவன்தான், வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறேன். ஓட்டை எங்கே என்றால், அந்த நிலம் அதற்கு முன்னாலும் சும்மா இருக்கவில்லை. அங்கே உணவுப் பயிர் இருந்தது, அல்லது புல் இருந்தது, அல்லது காடு இருந்தது. அவையும் கரியமில வாயுவை எடுத்துக்கொண்டுதான் இருந்தன. உங்கள் எரிபொருளுக்காகக் கூடுதலாக எடுத்தது எவ்வளவு என்பதுதான் வரவு. ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்ததை உங்கள் பெயரில் எழுதிக்கொள்வது, பக்கத்து வீட்டுக்காரர் சம்பளத்தை என் வருமானத்தில் சேர்ப்பது மாதிரி.

2008-ஆம் வருடம் பிப்ரவரியில் ‘சயன்ஸ்’ இதழில் இரண்டு கட்டுரைகள் வந்தன. அதற்குப் பிறகு இந்தத் துறை பழையபடி இல்லை. ஒன்று ஜோசப் ஃபார்ஜியோனியும் சகாக்களும் எழுதியது. காட்டையோ புல்வெளியையோ திருத்தி எரிபொருள் பயிர் போட்டால், மரத்திலும் மண்ணிலும் இருந்த கரி ஒரேயடியாக வெளியே வரும். அதை அவர்கள் கடன் என்றார்கள். எரிபொருள் வருடா வருடம் மிச்சப்படுத்தும் கரி, அந்தக் கடனுக்குக் கட்டும் தவணை. எத்தனை வருடத்தில் கடன் அடையும்? பிரேசிலின் செராடோ புதர்க்காட்டில் கரும்பு போட்டால் 17 வருடம். அமெரிக்கப் புல்வெளியில் மக்காச்சோளம் போட்டால் 93. அமேசானில் சோயா போட்டால் 319. இந்தோனேசியா, மலேசியாவின் பீட் நிலக் காட்டை அழித்து எண்ணெய்ப் பனை வைத்தால் 423 வருடம். அந்தக் கடன் அடையும்போது தவணை கட்ட ஆரம்பித்தவரின் பேரனின் பேரனும் இருக்கமாட்டான்.

பீட் என்பதைப் பலர் பார்த்திருக்கமாட்டீர்கள். தண்ணீர் தேங்கிய காட்டில் விழுந்த இலையும் கிளையும் வேரும், காற்று படாததால் மக்காமல், ஆயிரக்கணக்கான வருடங்களாக ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த நிலம். சில இடங்களில் பத்து மீட்டர் ஆழம்கூட உண்டு. கையில் எடுத்துப் பிழிந்தால் காப்பித் தண்ணீர்போலக் கசியும், உள்ளே பாதி மக்கிய நார் தெரியும். மண் என்று சொல்கிறோமே தவிர, உண்மையில் அது நிலக்கரியாகும் வழியில் நின்றுபோன காடு. பனை வைக்க முதலில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடிக்கிறார்கள். தண்ணீர் இறங்கியதும் காற்று உள்ளே போகிறது; அன்றைக்கு மக்க ஆரம்பித்தால் நிற்பதே இல்லை. நிலம் வருடத்துக்குச் சில சென்டிமீட்டர் கீழே இறங்கிக்கொண்டே போகும், இறங்கிய அளவு காற்றில் கரியமில வாயு. உலர்ந்த பீட்டில் தீப்பிடித்தால் தரைக்கு அடியில் புகைந்துகொண்டே இருக்கும். 1997-இலும் 2015-இலும் இந்தோனேசியாவில் எரிந்த தீயின் புகை அண்டை நாடுகளின் வானத்தையும் மூடியது. பனை மறுபடி நடலாம், பழம் மறுபடி காய்க்கும். அந்த அர்த்தத்தில் பாமாயில் டீசல் புதுப்பிக்கத்தக்கதுதான்! கீழே கரைந்துபோன நிலம்தான் எந்தக் கணக்கிலும் புதுப்பிக்கத்தக்கது அல்ல.

அந்த மாதத்தின் இரண்டாவது கட்டுரை டிமதி சர்ச்சிங்கருடையது. அவர் கேட்டது இன்னும் சங்கடமான கேள்வி. காட்டை நேரடியாக வெட்டவே இல்லை, ரொம்ப நாளாகப் பயிர் செய்யும் நிலத்தில்தான் எரிபொருளுக்கு விளைவிக்கிறோம் என்று வையுங்கள். அங்கே முன்னால் விளைந்த தானியத்தைச் சாப்பிட்டவர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிடப் போகிறார்களா? இல்லை. விலை ஏறும். எங்கோ ஒரு விவசாயி அந்த விலையைப் பார்த்துப் புது நிலம் திருத்துவார். அந்தக் கரியையும் சேர்த்தால், மக்காச்சோள எத்தனால் 30 வருடக் கணக்கில் பெட்ரோலைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு மாசு என்று வந்தது.

இதற்கு மறைமுக நில மாற்றம் என்று பெயர். ஐரோப்பா இதை நடைமுறையிலேயே காட்டியது. 2009-இல் அங்கே ஒரு சட்டம்: 2020-க்குள் போக்குவரத்துச் சக்தியில் 10 சதவீதம் புதுப்பிக்கத்தக்கதாக இருக்க வேண்டும். கவனமாகத்தான் எழுதினார்கள், 2008 ஜனவரிக்குப் பிறகு அழித்த காட்டிலிருந்து வந்த எண்ணெய் செல்லாது என்று நிபந்தனையும் போட்டார்கள். என்ன ஆகும்? பழைய தோட்டத்து எண்ணெய் சான்றிதழோடு எரிபொருளுக்குப் போகும். சமையலுக்கும் சோப்புக்கும் தேவையான எண்ணெயைப் புதிதாகக் காடழித்து வைத்த தோட்டம் தரும். சான்றிதழில் ஒரு பொய்யும் இல்லை, காட்டில் ஒரு மரமும் மிஞ்சவில்லை. 2015-இல் ஐரோப்பிய ஆணையத்துக்காக க்ளோபியோம் என்ற பொருளாதார மாதிரியை வைத்துச் செய்த கணக்கு, பாமாயில் டீசலின் நில மாற்றத்துக்கு மட்டும் ஒரு மெகாஜூல் சக்திக்கு 231 கிராம் கரியமில வாயு என்று காட்டியது. புதைபடிவ எரிபொருளுக்கு, எடுப்பது முதல் எரிப்பது வரை, ஐரோப்பியச் சட்டம் வைத்திருக்கும் மொத்த அளவே 94 கிராம்தான். அதே வருடம் உணவுப் பயிர் எரிபொருளுக்கு 7 சதவீத உச்சவரம்பு வந்தது. அப்புறம், பாமாயில் எரிபொருளை 2030-க்குள் இலக்குக் கணக்கிலிருந்து முழுக்க நீக்குவது என்று முடிவாயிற்று. தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை.

நியாயமாக எதிர்த்தரப்பையும் சொல்ல வேண்டும். மறைமுக மாற்றத்தை யாரும் கண்ணால் பார்க்க முடியாது. அமேசான் ஓரத்தில் கோடாரியோடு நிற்பவரிடம் ‘அமெரிக்காவின் அயோவா மாநிலத்து எத்தனால்தான் உன்னை அனுப்பியதா’ என்று கேட்டால் அவருக்கு என்ன தெரியும்? எல்லாம் பொருளாதார மாதிரிகளில் வரும் எண். விளைச்சல் எவ்வளவு கூடும், தீவனம் எவ்வளவு நிலத்தை விடுவிக்கும், மேய்ச்சல் நிலம் எவ்வளவு சுருங்கும் என்ற அனுமானங்களை அசைத்தால் எண்ணும் அசையும். சர்ச்சிங்கர் மக்காச்சோள எத்தனாலுக்கு மெகாஜூலுக்கு 104 கிராம் என்றார். கலிஃபோர்னியா 2009-இல் 30 என்று வைத்தது, 2015-இல் 19.8 ஆகக் குறைத்தது. அமெரிக்க அரசின் ஆர்கோன் ஆய்வகம் அதைவிடக் குறைவாக வைத்து, மொத்தத்தில் மக்காச்சோள எத்தனால் பெட்ரோலைவிட 44 முதல் 52 சதவீதம் சுத்தம் என்று 2021-இல் சொன்னது. மறு வருடமே டைலர் லார்க் என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழு, மாதிரியை மட்டும் நம்பாமல் 2008 முதல் 2016 வரை உண்மையில் எந்த நிலம் உழப்பட்டது என்ற பதிவுகளோடு சேர்த்துப் பார்த்து, அதே எத்தனால் பெட்ரோலைவிடச் சுத்தமே இல்லை, 24 சதவீதமாவது மோசமாக இருக்கலாம் என்றது. ஆர்கோன்காரர்கள் அதை ஒத்துக்கொள்ளவில்லை, பதில் எழுதினார்கள், பதிலுக்குப் பதிலும் வந்தது.

இரண்டு பக்கமும் படித்தபிறகு நான் எங்கே நிற்கிறேன் என்று கேட்கலாம். 104-ஐ நான் நம்பவில்லை. ஆனால் எண் நிச்சயமில்லை என்பதற்காகப் பூஜ்யம் என்று எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. பூஜ்யமும் ஒரு எண்தான், அதுவும் எல்லா எண்களிலும் மிகத் தவறாக இருக்க வாய்ப்புள்ள எண்.

உரத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. வயலில் போடும் தழைச்சத்தில் ஒரு சிறு பங்கை மண்ணுயிர்கள் நைட்ரஸ் ஆக்ஸைடாக மாற்றிவிடும். சிரிப்பு வாயு என்பார்களே, அதுதான். ஒரு கிலோ, நூறு வருடக் கணக்கில் 273 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். ஓசோன் ஆய்வுக்காக 1995-இல் நோபல் பரிசு வாங்கிய பால் க்ரட்சன், இந்தப் பங்கு நாம் நினைத்ததைவிட அதிகம், எல்லா வழிகளையும் சேர்த்தால் 3 முதல் 5 சதவீதம் என்று கணக்கிட்டார். அந்தக் கணக்குப்படி, ராப்சீடு என்ற எண்ணெய் வித்தின் டீசலும் மக்காச்சோள எத்தனாலும் இந்த ஒரு வாயுவால் மட்டுமே தங்கள் நன்மை முழுவதையும் இழக்கக்கூடும். உரம் குறைவாகக் கேட்கும் கரும்பு தப்பித்தது. தீவனத்துக்கு வரவு வைக்கவில்லை என்று அவரையும் விமர்சித்தார்கள், அதில் நியாயம் உண்டு. ஆனாலும் புகைபோக்கியே இல்லாத ஒரு வயல் இவ்வளவு புகை விடும் என்பது எனக்கு அதுவரை உறைக்கவில்லை.

மண்ணில் தங்காத தழைச்சத்து மழையோடு ஓடுகிறது. மக்காச்சோள வட்டாரத்திலிருந்து மிசிசிப்பி வழியாக மெக்சிகோ வளைகுடாவில் போய் விழுந்து, பாசியை வளர்த்து, பாசி அழுகி, தண்ணீரில் ஆக்சிஜன் இல்லாமல் ஆகிறது. 2017-இல் அந்த உயிரற்ற பரப்பு சுமார் 22,700 சதுர கிலோமீட்டர். எல்லாப் பழியும் எத்தனாலுக்கு இல்லை. ஆனால் அமெரிக்க மக்காச்சோளத்தில் சுமார் 40 சதவீதம் எத்தனால் ஆலைக்குப் போகும்போது, பங்கே இல்லை என்றும் சொல்ல முடியாது. தண்ணீர் இன்னொரு பக்கம். கன்சாஸின் மேற்கில் ஓகலாலா நிலத்தடி நீரை இறைத்து மக்காச்சோளம் விளைவிக்கிறார்கள். அந்த நீர் பெரும்பாலும் பழங்காலத்துச் சேமிப்பு. இறைக்கும் வேகத்தில் மழை அதை நிரப்புவதில்லை. புதுப்பிக்க முடியாத தண்ணீரில் விளைந்ததைப் புதுப்பிக்கத்தக்கது என்று முத்திரை குத்தி விற்கலாம், சட்டத்தில் தடையில்லை.

உணவா எரிபொருளா என்ற கேள்வியில் நான் ரொம்ப நேரம் நிற்கப்போவதில்லை, எல்லோரும் நிற்கும் இடம் அது. 2007-இல் ஐநாவின் உணவுரிமை அறிக்கையாளர் ஜான் சீக்லர் இதை மனித குலத்துக்கு எதிரான குற்றம் என்றே சொன்னார். 2008-இல் உலக வங்கியின் டொனால்ட் மிட்செல், உணவு விலை ஏற்றத்தில் 70 முதல் 75 சதவீதத்தை உயிரி எரிபொருள்களும் அவை கிளப்பிவிட்ட விளைவுகளும் சேர்ந்து உண்டாக்கியவை என்றார். வேறு பலர் அதைவிட மிகக் குறைவாகச் சொன்னார்கள். கச்சா எண்ணெய் விலை, வறட்சி, வறண்ட கையிருப்பு, ஏற்றுமதித் தடைகள் எல்லாம் அதே சமயத்தில் வந்தவை. எனக்குக் கவலை விலை ஏறியதில் மட்டும் இல்லை. எவ்வளவு கலக்க வேண்டும் என்று சட்டமே நிர்ணயித்துவிட்டால், விளைச்சல் பொய்த்த வருடத்திலும் ஆலை தன் பங்கை எடுத்துக்கொள்ளும். விட்டுக்கொடுக்க வேண்டியது சாப்பாட்டுத் தட்டுதான்.

இதற்கெல்லாம் பதிலாக இரண்டு வாக்குறுதிகள் வந்தன. ஒன்று காட்டாமணக்கு. சாப்பிட முடியாத விதை, தரிசு நிலத்தில் வளரும், தண்ணீர் வேண்டாம், உரம் வேண்டாம் என்றார்கள். இந்தியா, மொசாம்பிக், தான்சானியா என்று பல நாடுகள் நம்பி இறங்கின. தரிசில் வளர்ந்தது, உண்மைதான். காய்த்ததா? காய்க்க வேண்டுமென்றால் அதற்கும் தண்ணீரும் உரமும் வேண்டும் என்று அப்புறம் தெரிந்தது. அதைக் கொடுக்க முடிகிற நிலம் தரிசு இல்லை. ஒரு நிலத்தைத் தரிசு என்று எழுதுகிறவர் பெரும்பாலும் அங்கே ஆடு மேய்க்கிறவராகவோ சுள்ளி பொறுக்குகிறவராகவோ இருப்பதில்லை என்பதையும் இந்தக் கதை காட்டியது.

இரண்டாவது வாக்குறுதி தட்டை, வைக்கோல், மரச்சீவல் ஆகியவற்றிலிருந்து எத்தனால். யோசனை நல்லது, உணவோடு போட்டி இல்லை. ஆனால் செடி தன் தண்டைக் கட்டியிருப்பதே யாரும் சுலபமாகக் கரைத்துவிடக் கூடாது என்பதற்காக. அமெரிக்கச் சட்டம் 2007-இல், 2022-க்குள் வருடத்துக்கு 1,600 கோடி கேலன் என்று இலக்கு வைத்தது. டுபாண்ட் என்ற ரசாயன நிறுவனம் 2015-இல் அயோவாவில் வருடத்துக்கு 3 கோடி கேலன் திட்டத்தோடு மக்காச்சோளத் தட்டை ஆலை ஒன்றைத் திறந்து, இரண்டே வருடத்தில் கைகழுவியது. இலக்கின் பக்கத்திலேயே யாரும் போகவில்லை. தட்டையை முழுக்க வாரிக்கொண்டு போனால் மண்ணுக்கு என்ன மிச்சம் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. வயலில் கிடக்கும் தட்டை குப்பை இல்லை, மண்ணின் அடுத்த வருடச் சாப்பாடு.

அப்படியானால் எதுவுமே தேறாதா என்று முன்வரிசையில் ஒரு அம்மா முகத்தைப் பார்த்தால் தெரிகிறது. தேறும். பொரித்து மிஞ்சிய எண்ணெய், சாக்கடைச் சகதி, சாணம், சக்கை போன்றவற்றுக்கு நில மாற்றக் கடன் கிடையாது. அளவுதான் சின்னது. கழிவுக்கு விலை கிடைத்தால் கழிவல்லாததும் கழிவு வேஷம் போட்டு வரும், அதைக் கண்காணிக்க வேண்டும். மேய்ச்சல் நிலத்தில், காட்டை நெருக்காமல் விளையும் கரும்பும் என் கணக்கில் தேறும். பிரேசில் அதற்காகவே 2009-இல் அமேசானிலும் பந்தனால் சதுப்பு நிலத்திலும் கரும்பு கூடாது என்று எல்லை வகுத்தது. 2019-இல் அந்த ஆணையை அரசே ரத்து செய்துவிட்டது. எரிபொருள் நீடிக்கத்தக்கதாக இருக்க வேண்டுமென்றால் அதைக் காக்கும் ஆணை முதலில் பத்து வருடமாவது நீடிக்க வேண்டும், இல்லையா?

கடைசியாக விமானம். காருக்கு மின்கலம் வந்துவிட்டது. நீண்ட தூர விமானத்துக்கு இன்னும் வரவில்லை. அதனால் இனிமேல் சண்டை ஆகாயத்தில்தான். ஐரோப்பிய ஒன்றியம் விமான எரிபொருளில் நீடிக்கத்தக்க எரிபொருளின் பங்கு 2025-இல் 2 சதவீதம், 2030-இல் 6, 2050-இல் 70 என்று படிப்படியாகக் கட்டாயமாக்கியிருக்கிறது. உணவு, தீவனப் பயிரிலிருந்து வருவது அதில் செல்லாது. அமெரிக்காவில் மக்காச்சோள எத்தனாலை விமான எரிபொருளாக மாற்றும் ஏற்பாடுகள் நடக்கின்றன. அதற்கான வரிச்சலுகை கரிக் கணக்கைப் பொறுத்தது. 2025-இல் நிறைவேறிய வரிச் சட்டம், அந்தக் கணக்கில் மறைமுக நில மாற்றத்தைச் சேர்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. இந்தக் கிண்ணத்தில் இருக்கும் அதே தானியம்தான், அதே ஆலை, அதே வயல். ஒரு கரையில் அது செல்லாக் காசு. இன்னொரு கரையில் பட்டியலிலிருந்து ஒரு வரியை அடித்ததும் சுத்தமாகிவிட்டது. வயலிலும் காட்டிலும் நடப்பது எதுவும் அந்தப் பேனாவால் மாறவில்லை.

நேரம் ஆகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். கேள்விகள் இருந்தால் கேளுங்கள், கிண்ணம் இங்கேயேதான் இருக்கும். விரும்பியவர்கள் வந்து ஒரு கைப்பிடி எடுத்து எடையைப் பார்க்கலாம்.